அஞ்சு தரத்துக்கு மேல

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என் மனைவி ஸஃப்னா இதைச் சொன்னால் அதற்கும் கோபப்படுவேன். மதுரங்குளிச் சந்தியைத் தாண்டி இருநூறு மீற்றர் போகவில்லை, பின் சில்லு ஆட்டம் கண்டு மோட்டார் சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. உடைமுள் இரண்டு ஏறியிருந்தது. நான் முள்ளை ஏசவில்லை, அஸ்ஹானை ஏசினேன்.

"களப்பப் பாக்கணும், போட்டோ எடுக்கணும்ண்டு முள்ளுக்குள்ள இறக்கினியே, இப்ப நிம்மதியா?"

"டூர் வந்தா பஞ்சரும் வரும் மச்சான். அதையும் ஒரு போட்டோ எடுப்பமா?" என்று பல்லைக் காட்டினான். பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளி. என் ஏச்சு அவனுக்கு வெற்றிலை பாக்கு மாதிரி.

அவனுக்கு இது டூர். நீர்கொழும்பிலிருந்து கற்பிட்டிவரை இரண்டு மோட்டார் சைக்கிள், இரண்டு நாள், கோட்டை, கடல், பொரித்த மீன். எனக்கு அப்படியில்லை. கற்பிட்டிப் பக்கத்து அகதிக் குடியிருப்பொன்றில் இருக்கும் றஹ்மத் உம்மாவின் முன்னால் போய் நின்று நான் மாப்புக் கேட்க வேண்டும். அதற்குத்தான் வந்தேன். மாப்புக் கேட்கப் போகிறேன் என்று யாரிடமும் சொல்ல வெட்கம். டூர் போகிறேன் என்று சொல்வது லேசு. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவன் சிலாபத்தில் மட்டும் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தேன். முந்தலில் உப்புநீர்க் களப்பைப் பார்ப்போமா என்று அஸ்ஹான் கேட்டதும் முதலில் வண்டியைத் திருப்பியது நான்தான். அப்புறம் பஞ்சருக்கு அவனை ஏசினேன். என் குணம் அது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து எங்கள் சனத்தை வெளியேற்றியபோது நான் இரண்டு மாதக் குழந்தை. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தோம். என் உம்மாவுக்கு நினைவு தப்பிய காய்ச்சல், மார்பில் ஒரு சொட்டுப் பால் இல்லை. நான் கத்திய கத்தலில் பெண்கள் என்னைக் கைக்குக் கை மாற்றினார்கள். பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி, தன்னுடைய இருபது நாள் பிள்ளையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு எனக்கும் பால் கொடுத்தாள். கரையிறங்கிய பிறகும், உம்மா கண் திறக்கும்வரை மூன்று நாள் கொடுத்தாள். அதற்குப் பிறகு யார் எந்த முகாமுக்குப் போனார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவள் பேரை நாங்கள் கேட்கவில்லை, எங்கள் பேரை அவளும் கேட்கவில்லை. உயிர் தப்பிய நேரத்தில் பேர் யாருக்கு வேணும்?

எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவள் தாய். ஐந்து தரம் வயிறு நிறையக் குடித்துவிட்டால் அவள் பிள்ளைகள் நமக்குக் கூடப்பிறந்தவர்கள். கல்யாணம் கட்ட முடியாது.

இருபத்திரண்டு வயதில் நான் அஸ்ரியாவைக் கட்ட ஆசைப்பட்டேன். ஒரு கல்யாண வீட்டில் கண்டு, பேசி, ஒரு வருடம் காத்திருந்து, வாப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். அவள் றஹ்மத் உம்மாவின் ஒரே பிள்ளை, தகப்பன் இல்லை. என் உம்மாவும் அப்போது உயிரோடில்லை. நிக்காஹுக்கு நாள் குறித்த அன்று அவர்கள் வீட்டில் பெண்கள் கூடியிருந்து கதைத்தார்கள். என் மாமி அலீமாவுக்கு வாய் சும்மா இருக்காது. வள்ளத்துக் கதையை எடுத்தார்.

"பச்சச் சீல கட்டின ஒரு மனுஷி. அவ இல்லாட்டி இவன் எங்க? அல்லாஹ் அவக்குச் சுவர்க்கத்தக் குடுக்கணும்."

தேத்தண்ணித் தட்டோடு வந்த றஹ்மத் உம்மா தட்டைத் தரையில் வைத்தார். "அது நான்தான்" என்றார்.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உலகம் அழியும்வரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மௌலவியைக் கூட்டிவந்தார்கள். எத்தனை தரம் கொடுத்தீர்கள் என்று அவர் கேட்பதற்கு முந்தி, நான் றஹ்மத் உம்மாவை அடுப்பு எரிந்த குசினிக்குள் அழைத்துப் போய்க் கெஞ்சினேன்.

"நாலு தரம்ண்டு சொல்லுங்க மாமி. நாலு எண்டா நிக்காஹ் ஆகும். இருபத்திமூண்டு வருஷத்துக் கத. ஆர் எண்ணி வெச்சிருக்கா?"

"எண்ணத் தேவல்ல மகன். மூண்டு நாள் குடுத்தன். அஞ்சு தரத்துக்கு மேல."

"அவ அழுறது உங்களுக்குக் கேக்கல்லயா?"

"கேக்குது. ரெண்டு பேரும் என்ட புள்ளையள். ரெண்டு பேரையும் நானே எப்படி ஹராமுல தள்ளுற?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று மட்டாகக்கூட இல்லை. முன் அறைக்கு வந்து, அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். "உங்கட பால ஆர் கேட்டா? அண்டைக்கே என்னக் கடல்ல போட்டிருக்கலாமே. நீங்க தந்தது பால் இல்ல, நஞ்சு." அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் வந்துவிட்டேன்.

முதல் பெருநாளுக்கு அவர் போனில் கோல் எடுத்தார். குரலைக் கேட்டதும் வெட்டினேன். அடுத்த பெருநாளுக்கு எண்ணையே அடைத்துவிட்டேன். போன் திருத்துவதுதான் என் தொழில், ஓர் எண்ணை அடைக்க எனக்கு மூன்று வினாடி போதும். அஸ்ரியாவுக்குப் புத்தளம் பக்கத்தில் யாரோடோ கல்யாணம் ஆனதென்று கேள்விப்பட்டேன். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஐந்து வருடம் அப்படியே போனது.

மூன்று மாதத்துக்கு முன் எங்களுக்கு மகள் பிறந்தாள். அமானி. ஸஃப்னாவுக்கு மார்பெல்லாம் வெடிப்பு. பிள்ளை வாய் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள், ஆனாலும் கொடுப்பாள். வீட்டில், மெத்தையில், விசிறிக்குக் கீழே, ஒரு பிள்ளைக்கே இந்தப் பாடு. அந்த மனுஷி வீடு வாசல் எல்லாம் போன நாளில், வெயில் காயும் வள்ளத்தில், இரண்டு பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று யார் பெற்றதென்றே தெரியாது. அதைப் பார்த்து நஞ்சு என்று சொன்ன வாய் என்னுடையது.  போய்க் காலில் விழுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். புறப்பட மூன்று மாதம் எடுத்தேன்.

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டயர் கடைக்கு வந்தால் கடை பூட்டு. பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் றோசா அக்கா எட்டிப் பார்த்தார்.

"செய்னுலாப்தீன் நானாவத் தேடுறீங்களா? கனமூலைக்குப் போயிட்டார் தம்பி. ஒரு மவுத்து வீடு. கபுறுக் குழி வெட்டுறது அவர்தான்."

"பஞ்சர் ஒட்டுறவர் கபுறும் வெட்டுவாரா?"

"ஊருக்குச் செய்ற புண்ணியம். காசுக்கில்ல. இருங்க, வட போட்டுத் தாறன்."

அடுத்த கடையில் லொறிச் சில்லு மட்டும்தான் கழற்றுவார்களாம். எனக்கு ஏறிவிட்டது. "நீ வடயத் தின்னு. நான் அந்த மனுஷனக் கூட்டிக்கொண்டு வாறன், இல்லாட்டி இழுத்துக்கொண்டு வாறன்" என்று அஸ்ஹானின் வண்டியை எடுத்துக்கொண்டு கனமூலைக்கு விட்டேன்.

பள்ளிவாசலில் பின்னேர அஸர்த் தொழுகை முடிந்து, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்குச் சனம் நின்றது. யாரோ காட்டினார்கள். ஒல்லியான மனிதர், முழங்கால்வரை சாரத்தில் மண்.

"நானா, பஞ்சர் ஒண்டு. கொஞ்சம் அவசரம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மையித்த விட அவசரமா தம்பி? வுழூ செஞ்சிட்டு வாங்க, தொழுவம்."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கை கால் முகம் கழுவி, வுழூ செய்து கடைசி வரிசையில் போய் நின்றேன். பெண் மையித்து என்றார்கள். யாரென்று நான் கேட்கவில்லை. ஊர் தெரியாத ஊரில் யாராயிருந்தால் எனக்கென்ன?

தொழுகைக்கு முந்தி, வீட்டுக்காரர்களில் ஒருவர் எழுந்து நின்று மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். முப்பது வயதிருக்கும் உயரமான ஓர் ஆள் எழுந்தார். 

"எங்கட மாமி ஆருக்காச்சும் மனம் நோகக் கதைச்சிருந்தா, தெரிஞ்சோ தெரியாமலோ பிழ செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புக் குடுங்க. ஹலாலாக்கி விடுங்க."

"மாப்பு, மாப்பு" என்று பள்ளி முழுக்க முணுமுணுத்தது. நானும் சொன்னேன். சொல்லிக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலாக இன்னும் பத்து நிமிடம். குடுத்தம் குடுத்தம், கெதியா முடிங்க என்று மனதுக்குள் சொன்னேன். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மையவாடி பள்ளிக்குப் பின்னால்தான். பெண் மையித்தை இறக்கும்போது கபுறுக்கு மேலே துணி பிடிப்பார்கள். இறக்குவதும் மஹ்ரமான ஆட்கள்தான். மஹ்ரம் என்றால் மகன், சகோதரன், மருமகன் மாதிரி, அவரைக் கட்ட முடியாத உறவு. மாப்புக் கேட்ட அந்த மருமகன் குழிக்குள் இறங்கினார். சகோதரன் என்று ஒரு கிழவர், பொல்லை ஊன்றியபடி மேலேயே நடுங்கிக்கொண்டு நின்றார். செய்னுலாப்தீன் நானா சனத்தைப் பார்த்தார்.

"இன்னொரு மஹ்ரம் வேணும். ஆரும் இருக்கீங்களா?"

ஒருவரும் அசையவில்லை. அவர் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். மறுபடி கேட்டார். அந்த நேரம் என் போன் அதிர்ந்தது. அஸ்ஹான் அனுப்பியிருந்தான்: 'றோசா அக்காட வட எட்டாவது, நீ மண் அள்ளு.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு, அவரே "பிஸ்மில்லாஹ்" என்று குழிக்குள் இறங்கினார்.

மூன்று பிடி மண் போட வேண்டும். முழங்காலை ஊன்றி, மளமளவென்று மூன்று பிடி அள்ளிப் போட்டேன். காற்சட்டையில் ஈர மண் ஒட்டிக்கொண்டது. தட்டினேன், போகவில்லை.

செய்னுலாப்தீன் நானாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தேன். மனிதர் வேலையில் கெட்டி. பின் சில்லைக் கழற்றி, இரண்டு லீவரால் டயரை நெம்பி ட்யூபை உருவினார். காற்றடித்து, தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கித் திருப்பினார். இரண்டிடத்தில் குமிழி வந்தது. நகக் கண்ணில் இன்னும் கபுறு மண் இருந்தது.

"பாவம் அந்த மனுஷி" என்றார், அரத்தாளால் ட்யூபைத் தேய்த்தபடி. "மன்னார் ஆக்கள். முந்தி கற்பிட்டிப் பக்கம் இருந்தவங்க. வருத்தம் கூடினதும் மகள் இஞ்ச கூட்டிவந்திட்டா, ஒரு வருஷம் ஆகுது. ஆம்புளப் புள்ள இல்ல. நீர்கொழும்புல ஒரு பால்குடி மகன் இருக்கானாம். தொண்ணூறுல வள்ளத்துல பால் குடுத்ததாம்."

நான் அவர் பக்கம் குனிந்தேன். அவர் பாட்டுக்குப் பசையைப் பூசினார்.

"அவன்தான் என்னக் கபுறுல வெக்கணும்ண்டு சொல்லி வெச்சிருந்தவ. நேத்துல இருந்து அவட போன்ல கோல் எடுக்குறாங்க, போகுதில்ல. பகல் ளுஹரோட அடக்க இருந்த மையித்து. அவனுக்காண்டித்தான் அஸருக்குத் தள்ளினது. அவன் வரல்ல. கடசியில அந்நியன் நான் இறங்க வேண்டியதாப் போச்சு."

"பேர் என்ன?" என்றேன்.

"ஆருட?"

"அந்த மனுஷிட."

"றஹ்மத் உம்மா."

 அந்த எண்ணெய் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அஸ்ஹான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு "டேய், என்னடா, என்னடா?" என்று உலுக்கினான். நான் போனை எடுத்து, அடைத்து வைத்த எண்களின் பக்கத்தைத் திறந்தேன். அவர் எண்ணிலிருந்து பதினேழு கோல். கடைசிக் கோல் இரண்டு ஐம்பதுக்கு. அந்த நேரம் நான் றோட்டில் நின்று பஞ்சருக்காக அஸ்ஹானை ஏசிக்கொண்டிருந்தேன்.

செய்னுலாப்தீன் நானா ஒட்டுத் துண்டைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"நீங்களா தம்பி?" என்றார். பிறகு, ஏசுவதுபோல் இல்லாமல், அழுவதுபோல் சொன்னார். "நான் மூண்டு தரம் கேட்டனே."

அஸ்ஹான் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மறுபடியும் கனமூலைக்கு விட்டான். வழியில் ஒரு வார்த்தை பகிடி பேசவில்லை. வீட்டு வாசலில் அந்த உயரமான மருமகன் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முபாரிஸ் என்று பேர். நான் என் பேரைச் சொன்னேன். அவர் கதிரையைக் கீழே வைத்துவிட்டு என் காற்சட்டையிலிருந்த மண்ணைப் பார்த்தார். மையவாடியில் என்னைப் பார்த்த ஞாபகம் அவர் முகத்தில் வந்தது. உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"அஸ்ரியா, உங்கட நானா வந்திருக்கார்."

அவள் ஓடி வந்தாள். ஐந்து வருடம் இவளைத்தான் இழந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முகம் வீங்கியிருந்தது. முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. அதை அவள் சரிசெய்யவில்லை. கூடப்பிறந்தவன் முன்னால் எதற்குச் சரிசெய்ய?

"நானா" என்றாள். முன்பெல்லாம் என்னை அஸ்மின் என்றுதான் கூப்பிடுவாள், இப்போது அண்ணன். "வந்திட்டீங்களா நானா? உம்மா சொன்னா, அவன் கோவக்காரன், ஆனா வருவான்ண்டு. நாலு தரம்ண்டு பொய் சொல்லியிருந்தா எனக்கு மருமகன் கிடைச்சிருப்பான், மகன் இல்லாமப் போயிருப்பான்ண்டு அடிக்கடி சொல்லுவா."

அப்போதுதான் என் முழங்கால் மண் அவள் கண்ணில் பட்டது. பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை. அங்கே என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே உம்மாவ இறக்கின?"

முபாரிஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஓம் என்று சொன்னால் அவர் காட்டிக்கொடுக்க மாட்டார், எனக்குத் தெரிந்தது. ஒரு சொல்தான். அவளுக்கு ஆயுசுக்கும் போதும். நாலு தரம் என்று சொல்லுங்கள் என்று நான் குசினிக்குள் கெஞ்சியதும் ஒரு சொல்லுக்குத்தான்.

"இல்ல" என்றேன். "கடசி வரிசையில நின்டன். ஆரெண்டு தெரியாம நின்டன்."

"மஹ்ரம் இருக்கீங்களாண்டு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. மூண்டு தரம் கேட்டாங்க."

"அப்ப?"

"பேசாம நின்டன், தங்கச்சி."

அவள் என் கையை விட்டாள். பிறகு வந்த அழுகையை நான் எழுத மாட்டேன். உள்ளேயிருந்து பெண்கள் வந்து அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். நானும் சுவரில் தலையை வைத்து அழுதேன். "உம்மா, உம்மா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். அந்தப் பேரால் அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

வெகு நேரத்துக்குப் பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி என் பக்கத்தில் வந்தாள்.

"பள்ளியில உம்மாக்காக மாப்புக் கேட்டாங்கதானே? நீங்க குடுத்தீங்களா?"

"குடுத்தன்."

"அது போதும் நானா" என்றாள்.

போதாது. மாப்புக் கேட்க வந்தவன் நான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.